ஊர்க் கல்வெட்டுல காணாமப் போன பட்டாளத்துக்காரர் பேரை எப்படிப் போடறது?

சென்னிமலைத்தறி எழுதியது:

வணக்கமுங்க எல்லாருக்கும். ஒரு ரோசனை கேக்கத்தான் இந்த இழை.

நம்மூர்ல (சென்னிமலைக்குப் பக்கம், ஊர் பேரு வேண்டாமுங்க) பட்டாளத்துக்குப் போனவங்க பேரையெல்லாம் ஒரு கல்லுல வெட்டி பள்ளிக்கூடத்து வாசல்ல நட்டு வெக்கறதுன்னு முடிவு பண்ணி வசூலும் ஆயிருச்சு, திருமுருகன்பூண்டில ஒரு பட்டறைல கல்லும் சொல்லியாச்சு, ஆகஸ்ட் 15க்குத் தெறக்கோணும். பட்டறைக்காரர் வாசகம் குடுங்கன்னு போன் மேல போன் போடறாரு. வாசகத்துலதான் இப்ப முட்டிக்கிட்டு நிக்குது.

கல்லுல ரெண்டு தலைப்பு. மேல "வீரமரணம் அடைந்தவர்கள்", கீழ "பணியாற்றியவர்கள்". என்ற அப்பாருவோட, அதாவது அப்பனைப் பெத்த தாத்தாவோட தம்பி, நாங்க சின்ன அப்பாருன்னு சொல்றது, சிக்னல்ஸ்ல வயர்லெஸ் ஆபரேட்டரா இருந்தவரு. 1962 சீனாச் சண்டைல, இன்னைய அருணாசலப் பிரதேச எல்லைல இருக்கற நம்கா சூ ஆத்தங்கரைல 7வது பிரிகேடோட இருந்தாரு. அக்டோபர் 20க்கு அப்புறம் அவரைப் பத்தி ஒரு தகவலும் இல்ல. ஊட்டுக்கு வந்த தந்தில காணவில்லைன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். ஒடம்பு வர்ல, துணிமணி வர்ல, கைக்கடிகாரம் வர்ல.

அவரு சம்சாரம், எங்க சின்ன ஆத்தா, இன்னும் எங்களோடதான் இருக்குதுங்க. எம்பது தாண்டிருச்சு. கண்ணாலம் ஆகி ஒரு லீவுதான் சேர்ந்து இருந்திருக்காங்க, கொழந்தை இல்ல. 63ல சீனாக்காரன் புடிச்சு வெச்சிருந்தவங்களை விட்டப்போ அந்த லிஸ்ட்ல பேரு இருக்கும்னு இருந்துச்சாம், இல்ல. அதுக்கப்புறம் தறில ஒக்காந்தது, பெட்ஷீட்டு நெஞ்சே எங்கப்பனையும் அத்தைகளையும் ஆளாக்குச்சு. தாலி கழட்டல, பொட்டு அழிக்கல.

இப்ப கமிட்டில அவரு பேரை மேல் தலைப்புல போடோணும்னு அல்லாரும் சொல்றாங்க. ஆத்தா கிட்டக் கேட்டதுக்கு, "பேரு போடுங்க சாமி. செத்துப் போயிட்டாருன்னு நீங்க போடாதீங்க, அதை எனக்கு ஆரும் வந்து சொன்னதில்ல" அப்படின்னுருச்சு. கீழ் தலைப்புல போட்டா, ரிட்டயர்டு ஆகி பென்சன் வாங்குனவங்களோட ஒண்ணா அவரையும் போட்ட மாதிரி ஆகுது. எனக்கு அதுவும் மனசு ஒப்பல.

இதே மாதிரி உங்க ஊர்ல, உங்க ஊட்ல ஆராச்சும் இருந்தா எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க.


கோவை_செந்தில் எழுதியது:

வீரமரணம் தலைப்புலதான் போடணும், இதுல ரெண்டு யோசனையே வேண்டாம். டெல்லில தேசிய போர் நினைவுச் சின்னம் 2019 பிப்ரவரில திறந்தாங்க இல்லீங்களா, அங்க தியாக சக்ரான்னு வட்டமா சுவர் சுவரா நிக்குது, சுதந்திரத்துக்கு அப்புறம் உயிர் குடுத்த 25 ஆயிரத்துக்கு மேல பேரோட பேரு ஒவ்வொரு கிரானைட் கல்லுல இருக்கு. 1962 சண்டைக்காரங்க பேரும் இருக்கு. வெப்சைட்லயே பேரு போட்டுத் தேடலாம். உங்க சின்ன அப்பாரு பேரு அங்க இருந்துச்சுன்னா அரசாங்கமே முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம், அப்புறம் ஊர்ல மட்டும் எதுக்குத் தயக்கம்?

ஆத்தா மனசு புரியுதுங்க, ஆனா கல்லு நம்ம காலத்துக்கு மட்டும் இல்ல. நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அதைப் படிச்சா, இவரு சண்டைல போனவருன்னு தெரிய வேண்டாமா.


கோபி_ஹவில்தார் எழுதியது:

நானும் சிக்னல்ஸ்தான் தம்பி, ரிட்டயர்டு ஆகி கோபிச்செட்டிபாளையத்துல இருக்கேன். 62 எனக்கு முந்தின தலைமுறை, ஆனா எங்க கோர்ல நம்கா சூ பத்திச் சொல்லாத சீனியரே இல்ல.

கொஞ்சம் வெவரமாவே சொல்றேன், ஏன்னா காணவில்லைங்கறது எப்படி வருதுன்னு நெறைய பேருக்குத் தெரியறதில்ல. தாக்லா மலைக்குக் கீழ ஒரு சின்ன ஆறு, அதுதான் நம்கா சூ. அந்தக் கரையோரமா 7வது பிரிகேடை நீட்டமா வரிசையா நிறுத்தி வெச்சிருந்தாங்க. 9 பஞ்சாப், 2 ராஜ்புத், 1/9 கூர்க்கா, 4 கிரெனடியர்ஸ். எதிரி மேட்டுல, நம்மாளுங்க பள்ளத்துல. நெறைய பேருக்கு பருத்தி யூனிபாரம்தான், குளிர் துணி வந்து சேரல, ரேசனும் குண்டும் ஏரோப்ளேன்ல இருந்து போட்டாத்தான் உண்டு, அதுலயும் பாதி காட்டுக்குள்ள விழுந்துரும். அக்டோபர் 20 வெடியால பீரங்கி ஆரம்பிச்சுது, டெலிபோன் லைன் அறுந்துச்சு, சில மணி நேரத்துல பிரிகேடே செதறிப் போச்சு. பிரிகேடு கமாண்டர் தால்வியே ரெண்டு நாள் கழிச்சு சீனாக்காரன் கைல மாட்டி 63 மே மாசம்தான் திரும்பி வந்தாரு.

இந்த மாதிரி செதறுன எடத்துல ஆரு குண்டு பட்டு விழுந்தாங்க, ஆரு கைதானாங்க, ஆரு பனில பூட்டான் பக்கம் நடந்து வழில போனாங்கன்னு பார்த்துச் சொல்ல சாட்சி வேணும். சாட்சி இருந்தா இறந்தவர்னு எழுதுவாங்க. சாட்சியும் இல்ல, ஒடம்பும் இல்லன்னா காணவில்லை. பட்டாலியன்காரங்களுக்காச்சும் பக்கத்து டிரெஞ்சுல நிக்கறவன் ஆருன்னு தெரியும். சிக்னல்ஸ்காரன் வேற யூனிட்டுக்கு செட்டைத் தூக்கிட்டு ஒருத்தனா ரெண்டு பேரா போயிருப்பான், அங்க அவன் பேரு கூட முக்காவாசிப் பேருக்குத் தெரிஞ்சிருக்காது. அதனாலதான் உங்க சின்ன அப்பாரு மாதிரி ஆளுங்களைப் பத்திச் சொல்ல ஆருமே மிஞ்சல. அந்தச் சண்டை மொத்தத்துலயும் அரசாங்கக் கணக்குல இறந்தவங்க 1,383, காணாமப் போனவங்க 1,696. காணாமப் போனவங்க கணக்கு எச்சா இருக்கறதைப் பாருங்க.

அப்புறமேலு எப்பவாச்சும் ஒருத்தர் கெடைப்பாரு. 2010ல அருணாசலத்துல வாலாங் பக்கம் ரோடு போடறவங்க மண்ணு தோண்டறப்போ 4 டோக்ரா சிப்பாய் ஒருத்தரோட எலும்பும் அடையாள வில்லையும் கெடைச்சுது. வில்லைல இருந்த நம்பரை வெச்சு ஆளைக் கண்டுபுடிச்சு இமாச்சல்ல அவரு ஊருக்கே கொண்டு போய் மரியாதையோட தகனம் பண்ணாங்க. 48 வருசம் கழிச்சு.

அதனால ஆத்தா சொல்றதுல தப்பே இல்ல. ராணுவமே மொதல்ல அவரை இறந்தவர்னு எழுதல.


நொய்யல்கரை எழுதியது:

படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணலைங்க. எங்க ஊட்லயும் இதே கதைதான், இன்னும் பழசு. எங்க அம்மாவோட அப்பா, அப்பச்சி, ரெண்டாம் உலகப் போர்ல பர்மால லாரி டிரைவர். 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் புடிச்சப்போ நம்ம பட்டாளம் நடந்தே அஸ்ஸாமுக்குத் திரும்புச்சு, அதுல அவரு வர்ல. அப்ப எங்கம்மா கைக்கொழந்தை. எங்க அமுச்சி கடைசி வரைக்கும் ரங்கூன்ல இன்னொரு குடும்பம் வெச்சுட்டாருன்னு ஊரு பேசறதைக் கேட்டுக் கேட்டே செத்துப் போச்சு.

ரங்கூன்லிருந்து கொஞ்ச தூரத்துல டாக்கியான்னு ஒரு போர்க் கல்லறை இருக்கு. அங்க புதைச்சவங்க ஆறாயிரத்துச் சொச்சம். ஆனா நடுவுல தூண் தூணா நிக்கற ரங்கூன் மெமோரியல்ல, கல்லறையே இல்லாதவங்க பேரு மட்டும் கிட்டத்தட்ட 27 ஆயிரம் இருக்குதுங்க. எங்க பையன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல தேடி எங்க அப்பச்சி பேரை எடுத்துக் குடுத்தான். நம்பர், யூனிட்டு, அவங்கப்பா பேரு, கோயமுத்தூர்னு ஊரு, எல்லாம் இருந்துச்சு. எங்கம்மா அந்தப் பிரிண்டை வாங்கி, "ரங்கூன்ல குடும்பம்னாங்களே, இதுல பேரு இருக்குது பாரு"ன்னு யார் யாரெல்லாம் ஊர்ல பேசினாங்களோ அவங்க பேரன் பேத்தி ஊட்டுக்கெல்லாம் எடுத்துட்டுப் போயிக் காட்டுச்சு.

தேடறவங்களுக்கு ஒண்ணு சொல்லிர்றேன். இப்ப இருக்கற ஜில்லா பேரைப் போட்டுத் தேடாதீங்க. ஈரோடு 1979 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லா, திருப்பூர் 2009லதான் தனியாச்சு, நாமக்கல் 1997 வரைக்கும் சேலம். கரூர் அன்னைக்குத் திருச்சி ஜில்லா. பேரு ஸ்பெல்லிங்கும் வெள்ளைக்காரன் காதுல விழுந்த மாதிரிதான் இருக்கும், பழனிசாமியை மூணு நாலு விதமா எழுதி வெச்சிருக்காங்க, எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. பணம் ஒண்ணும் கட்ட வேண்டாம்.

கல்லு விஷயத்துல, ஆத்தா உசுரோட இருக்கறப்போ அவங்களை மீறி ஒரு எழுத்துக் கூட வெட்டாதீங்க. இது என்ற கருத்து.


பவானி_கூடுதுறை எழுதியது:

எல்லாரும் கல்லு பத்தியே பேசறீங்க, நான் சொல்றது வேறங்க. இத்தன வருசத்துல அவருக்கு ஒரு திதி உண்டா? கூடுதுறைல ஆடி அமாவாசைக்கு வந்து பாருங்க, நேரா ஐயர் கிட்ட வந்து, "எங்கண்ணன் பட்டாளத்துக்குப் போனவரு வர்லீங்க, என்னைக்குச் செத்தாருன்னு தெரியாது, எப்படிக் குடுக்கறது"ன்னு கேக்கறவங்களை நானே பார்த்திருக்கேன். நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைல குடுக்கலாம், மகாளயத்துல குடுக்கலாம், அதுக்கு வழி இருக்கு. காணாமப் போனவருக்குப் பன்னெண்டு வருசம் பார்த்துட்டு தர்ப்பைல உருவம் செஞ்சு எரிச்சுக் காரியம் பண்றதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கோர்ட்டுக் கணக்கு ஏழு வருசம். ரெண்டுமே தாண்டி எவ்வளவோ வருசம் ஆச்சு.

சின்ன ஆத்தா மேல மரியாதை வெச்சுத்தான் சொல்றேன், அந்த ஆன்மாவுக்கு ஒரு வாய்த் தண்ணி வேணுமே.


அமராவதிப்பாசனம் எழுதியது:

கூடுதுறை அண்ணா, தண்ணி வேணுங்கறது சரிதாங்க. ஆனா காரியம் பண்ணுனா அன்னைக்கே அந்தம்மாவைத் தாலி கழட்டச் சொல்லுவாங்க, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

நான் உடுமலைப் பக்கம். எங்க பெரியம்மா ஒருத்தங்க இதே நெலமைல இருந்தாங்க, அவங்க ஊட்டுக்காரரு 71 பாகிஸ்தான் சண்டைல மேக்குப் பக்கம் போனவரு. ஒரு கண்ணாலம் காச்சி வந்தா எப்படி இருக்கும் தெரியுங்களா? எழுதிங்க சீருக்கோ, பொண்ணுக்குத் தண்ணி வாக்கவோ அவங்களைக் கூப்பிட மாட்டாங்க, "எதுக்கு அவுங்களை சங்கடப்படுத்தறது"ன்னு சொல்லிக்குவாங்க. அதுக்காக ஒதுங்கி நில்லுன்னும் சொல்ல மாட்டாங்க, நெத்தில பொட்டு இருக்குதே. பந்தல்ல ஒரு தூணோரமா தாம்பூலத் தட்டை வெச்சுக்கிட்டு நிப்பாங்க. வந்த ஒறம்பரைக்கெல்லாம் வெத்தலை குடுக்கற வேலை அவங்களுக்குன்னே ஆயிப் போச்சு. எல்லாக் கண்ணாலத்துலயும். நான் சின்னப் புள்ளைல அது ஏதோ பெரிய பொறுப்புன்னு நெனச்சிருந்தேன்.

பணமும் சும்மா வர்ல. காணாமப் போனவருன்னா உடனே குடும்பப் பென்சன் வந்துராது, ஒவ்வொரு ஆபீசா அந்தச் சான்று இந்தச் சான்றுன்னு அலைய விட்டாங்க, ஒரு ஆபீசர் மூஞ்சிக்கு நேரா "ஓடிப் போயிருந்தா என்ன பண்றது"ன்னு கேட்டாராம். அந்த வார்த்தையை எங்க பெரியம்மா சாகற வரைக்கும் மறக்கல.

அதனால செந்தில் சொல்ற மாதிரி ஊரு முடிவு பண்ணக் கூடாது. இத்தன வருசம் ஊரு முடிவு பண்ணித்தான் அவங்களைத் தூணோரம் நிக்க வெச்சுது.


ஈரோடு_மஞ்சமண்டி எழுதியது:

71னு வந்ததால ஒண்ணு சொல்றேன். அந்தச் சண்டைல பாகிஸ்தான்காரங்க 93 ஆயிரம் பேரை நாம கைதியா புடிச்சோம், சிம்லா ஒப்பந்தத்துக்கு அப்புறம் படிப்படியா எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டோம். ஆனா மேக்கு முனைல காணாமப் போன நம்மாளுங்க 54 பேரு பாகிஸ்தான் ஜெயில்ல இருக்காங்கன்னு குடும்பங்க இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்கு. 1979ல லோக்சபாலயே அரசாங்கம் 40 பேரு அடங்குன லிஸ்ட்டை வெச்சுது. மேஜர் அசோக் சூரின்னு ஒருத்தரோட அப்பாவுக்கு 1974 கடைசில மகன் கையெழுத்துல லெட்டரே வந்துச்சு, அடுத்த வருசம் கராச்சில இருந்து இன்னொண்ணு. 2007ல அந்தக் குடும்பங்கள்ல இருந்து 14 பேரை பாகிஸ்தான் ஜெயிலுகளுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க, ஒருத்தரும் கெடைக்கல. பாகிஸ்தான் எங்க கிட்ட ஆரும் இல்லன்னே சொல்லுது.

நான் என்ன சொல்ல வர்றன்னா, மகன் கையெழுத்தைப் பார்த்த அந்தப் பெரியவர் கிட்டப் போயி "வீரமரணம்"னு கல்லு வெட்டறோம், வந்து தெறந்து வைங்கன்னு ஆராச்சும் சொல்ல முடியுமா? காணாமப் போறது சாவுல ஒரு வகைன்னு நாம நெனச்சுக்கறோம், அந்தக் குடும்பத்துக்கு அது அப்படி இல்லீங்க.


குன்னூர்_மேகம் எழுதியது:

நான் குன்னூர். வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் பக்கத்துலயே வளர்ந்தவன், காலைல ரெக்ரூட்டுங்க "வீர மதராசி, அடி கொல்லு"ன்னு கத்தறதைக் கேட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவோம்.

மண்ணு திருப்பித் தரும்ங்கறதைப் பத்தி ஹவில்தார் ஐயா சொன்னாரு, பனியும் தரும். சியாச்சின்ல 1984 மே மாசம் பனிச்சரிவுல போன 19 குமாவுன் லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலா உடம்பு 2022 ஆகஸ்ட்ல கெடைச்சுது, 38 வருஷம். அவரோட வில்லைல நம்பர் அப்படியே இருந்துச்சு. 1968 பிப்ரவரி 7ல சண்டிகர்ல இருந்து லே போய்ட்டிருந்த ஏஎன்-12 விமானம் 102 பேரோட ரோத்தாங் பக்கம் காணாமப் போச்சு, 2003ல மலையேறப் போனவங்க கண்ணுல மொதல்ல பட்டுச்சு, 2024 செப்டம்பர்ல கூட நாலு பேரை எடுத்தாங்க, அதுல ஒருத்தர் நம்ம பக்கத்துக் கேரளா, பத்தனம்திட்டாக்காரர். 56 வருஷம் கழிச்சு அவங்க ஊர் சர்ச்சுல அடக்கம் பண்ணாங்க.

2016 பிப்ரவரில அதே சியாச்சின்ல சோனம் போஸ்ட்ல எங்க 19 மெட்ராஸ் ஆளுங்க பத்து பேரு மேல பனி விழுந்தப்போ இங்க வெலிங்டன்ல எல்லார் முகமும் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு நல்லா நெனவிருக்கு. பத்துப் பேரும் போயிட்டாங்கன்னு அறிவிச்சு நாள் கழிச்சு, ஆறாவது நாள் ஹனுமந்தப்பா உயிரோட வெளிய வந்தாரு. ரெண்டு மூணு நாள்தான் அப்புறம் இருந்தாரு, ஆனா வந்தாரு. போயிட்டாங்கன்னு சொன்னதுக்கு அப்புறம் ஒருத்தர் மூச்சோட வந்ததைப் பார்த்த சனம் நாங்க.

அதே வருஷம் ஜூலை 22ல தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேர் போன ஏஎன்-32, 29 பேரு. அதுல இருந்த குடும்பங்களுக்கு எட்டு வருஷம் பக்கம் ஒண்ணும் தெரியாம இருந்துச்சு. 2024 ஜனவரிலதான் சென்னைல இருந்து 310 கிலோமீட்டர் தள்ளி 3,400 மீட்டர் ஆழத்துல உடைஞ்ச பாகங்களை கடலடி மிஷின் போட்டோ புடிச்சுது. கடல்ல இறங்கித் தேடற வேலையை நம்ம ஆளுங்களும் செய்யறாங்கன்னு அன்னைக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அமெரிக்காகாரங்க இதுக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் வெச்சு, ரெண்டாம் உலகப் போர்ல அருணாசல மலைல விழுந்த ஏரோப்ளேன்ல இருந்த ஆளுங்க எலும்பை இப்பவும் வந்து தேடறாங்க. அந்த நாட்டுக்கு இன்னும் 80 ஆயிரம் பேருக்கு மேல கணக்கு பாக்கி. நம்ம நாட்டுலயும் அப்படித் தனியா ஒரு அமைப்பு வேணும்ங்கறது என் கருத்து.


கோவை_செந்தில் எழுதியது:

எல்லாரும் சொன்னதைப் படிச்சேன். ஆத்தாவை மீறக் கூடாதுங்கறதை ஒத்துக்கறேன். ஆனா என்னோட பயம் வேறங்க. அமராவதி அக்காவே சொன்னாங்க இல்ல, ஓடிப் போயிருந்தா என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டாருன்னு. கல்லுல "காணாமல் போனவர்"னு தனியா ஒரு தலைப்புப் போட்டா நாளைக்குப் படிக்கறவன் அதையேதான் கேப்பான். ஊர் சந்தேகத்தை நாமளே கல்லுல வெட்டி வெச்ச மாதிரி ஆயிரும். அதுக்கு என்ன வழி?


கோபி_ஹவில்தார் எழுதியது:

செந்தில் கேக்கறது நியாயமான கேள்வி. ஓடிப் போனவனை ராணுவம் காணவில்லைன்னு எழுதாது தம்பி. ஒரு ஆள் லீவு முடிஞ்சு வர்லன்னா, யூனிட்டுல இருந்து சொல்லாமப் போயிட்டான்னா அதுக்கு கோர்ட் ஆப் என்கொயரி, அது தனிப் பதிவு. சண்டைல காணவில்லைங்கறது வேற பதிவு. ரெண்டும் கலக்காது. உங்க ஊட்ல இருக்கற தந்தி, அதுக்கு அப்புறம் ரெக்கார்ட் ஆபீஸ்ல இருந்து வந்த லெட்டர் இருந்தா எடுத்துப் பாருங்க. சிக்னல்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ் ஜபல்பூர்ல இருக்கு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா எழுதிக் கேக்கலாம்.

கல்லுக்கு என்ற யோசனை இது. தலைப்பே வேண்டாம். ரெண்டு தலைப்பையும் எடுத்துருங்க. மேல ஊர் பேரு, நம்ம ஊரிலிருந்து படைக்குப் போனவங்கன்னு ஒரு வரி. அப்புறம் ஆளுக்கு ஒரு வரி. பேரு, ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட்டு. ரிட்டயர்டு ஆனவருக்கு சேர்ந்த வருசம், வந்த வருசம். சண்டைல இறந்தவருக்கு எடமும் தேதியும். உங்க சின்ன அப்பாருக்கு கடைசியா இருந்த எடமும் தேதியும். நம்கா சூ, 20.10.1962. இதுல ஒரு எழுத்து பொய் இல்ல, ஒரு எழுத்து ஊகம் இல்ல. படிக்கற பையன் வாத்தியார் கிட்ட நம்கா சூன்னா என்னன்னு கேப்பான், அவரு சொல்லித் தரட்டும். ஓடிப் போனவனுக்கு ஆரும் சண்டைக்களத்துப் பேரைக் கல்லுல வெட்ட மாட்டாங்க.

நம்பரை விட்றாதீங்க. பேரு ஒரே மாதிரி ஆயிரம் இருக்கும், நம்பர் ஒருத்தருக்குத்தான்.


அவினாசி_வாத்தியார் எழுதியது:

நான் ஹிஸ்டரி ஆசிரியர். ஹவில்தார் ஐயா சொன்ன நம்பர், பேரு விஷயத்துல ஒண்ணு சேர்க்கறேன். மொதல் உலகப் போர்ல நம்ம மெட்ராஸ் மாகாணத்து ஆளுங்க மெசபடோமியாவுக்கும் கெழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனாங்க. 1914 நவம்பர்ல இன்னைக்கு டான்சானியால இருக்கற டாங்காவுல எறங்குன படைல 61வது பயனியர்ஸ், 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ரெண்டும் உண்டு. சண்டை முடிஞ்சதும் வெள்ளைக்கார அரசாங்கம் ஊர் ஊருக்கு ஒரு சலவைக்கல் குடுத்துச்சு. இந்த ஊர்ல இருந்து இத்தன பேரு போனாங்க, இத்தன பேரு உசுரைக் குடுத்தாங்க, அவ்வளவுதான் இருக்கும். பேரே இருக்காது. இன்னைக்கு அந்த ஊர்க்காரங்க கிட்டப் போயிக் கேட்டா ஆருன்னு ஒருத்தருக்கும் தெரியறதில்ல.

பஸ்ரா மெமோரியல் இன்னும் மோசம். கல்லறை இல்லாத 40 ஆயிரத்துக்கு மேல ஆளுங்களுக்காகக் கட்டுனது. வெள்ளைக்கார சிப்பாய் ஒவ்வொருத்தன் பேரையும் வெட்டிட்டு, நம்ம சிப்பாய்ங்களை மட்டும் ரெஜிமெண்டு பேருக்குக் கீழ எத்தன பேருன்னு கணக்காப் போட்டாங்க. நூறு வருசம் கழிச்சு 2021லதான் அந்தப் போர்க் கல்லறை ஆணையமே கமிட்டி போட்டு அறிக்கை விட்டு மன்னிப்பும் கேட்டுச்சு. லட்சத்துக்கு மேல ஆளுங்க பேரு சொல்லாமயே விட்டுப் போயிருக்காங்கன்னு அதுல எழுதியிருக்கு.

நம்ம பக்கம் காடு மேடெல்லாம் நிக்கற புலிகுத்திக் கல்லைப் பாருங்க. ஆடு மாட்டைக் காக்கப் போயி புலியோட சண்டை போட்டவனுக்கு நட்ட கல்லு. எழுத்து இருக்கற கல்லுல மட்டும்தான் இன்ன ஊர், இன்னாரு மகன்னு இன்னைக்கும் நமக்குத் தெரியுது. எழுத்து இல்லாத கல்லுக்கு நோம்பிக்குப் பொங்கல் வெக்கறாங்க, ஆருக்குன்னு தெரியாம. அதனால சென்னிமலைத் தம்பி, பேரோட அப்பா பேரும் போடுங்க. எடம் பத்தலன்னா எழுத்தைச் சின்னதாக்குங்க.


நொய்யல்கரை எழுதியது:

அப்பா பேரு போடறப்போ அம்மா பேரும், கண்ணாலம் ஆனவருக்கு சம்சாரத்து பேரும் போடலாம் இல்லீங்களா வாத்தியாரே? போர்க் கல்லறை ஆணையத்துப் பதிவுலயே நெறைய பேருக்கு இன்னாரு கணவர்னு இருக்குதுங்க. எங்க அப்பச்சி பதிவுல அமுச்சி பேரு இல்ல, அதுதான் எங்கம்மாவுக்கு ஒரே கொறை.


சென்னிமலைத்தறி எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. நீங்க எழுதுனதை அப்படியே கமிட்டில வாசிச்சுக் காட்டுனேன். தலைப்பை எடுக்கறதுக்கு ரெண்டு பெருசுங்க ஒத்துக்கல, வீரமரணம்னு பெருசா இருந்தாத்தான் கெத்துன்னாங்க, அப்புறம் கார்கில் டைம்ல இருந்த ஒரு அண்ணன் ஹவில்தார் ஐயா எழுதுனதை மறுக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, இதுதான் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் அல்லாரும் சரின்னுட்டாங்க.

ஊட்ல டிரங்குப் பொட்டிய எறக்கிப் பார்த்தோம். தந்தி மடிப்புல கிழிஞ்சு ரெண்டா இருக்குது, எழுத்து மங்கல். நம்பர் அதுல பாதிதான் தெரியுது. கடைசி இன்லேண்ட் லெட்டர் பின்னால அனுப்புனவர் வெலாசத்துல, 56 ஏபிஓவுக்கு (பட்டாளத்துத் தபால் ஆபீஸ்) மேல, முழு நம்பரும் அவரு கையெழுத்துலயே நல்லா இருந்துச்சுங்க. அதுல என்ன எழுதியிருக்காருன்னா, குளிருக்குக் கம்பளிச் சட்டை வர்றதா சொல்றாங்க, எருமை கன்னு போட்டுதா, கெணத்துல தண்ணி எவ்வளவு நிக்குது, தம்பியைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்த வேண்டாம். தம்பின்னு அவரு எழுதுனது எங்கப்பனைத்தான்.

ஆத்தா கிட்ட, பேரு, நம்பர், அப்பா அம்மா பேரு, உன்ற பேரு, நம்கா சூ, தேதி, இவ்வளவுதான் போடறோம், வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னோம். "அந்தூர்லதான் இருந்தாரு, அது நெசம்தான், போடுங்க"ன்னுச்சு. அப்புறம் என்ற பேருக்கு இனிசியல் என்ன போடுவீங்கன்னு கேட்டுச்சு, அவரு பேரோட மொத எழுத்துன்னேன், செரின்னுருச்சு.

கூடுதுறை அண்ணன் சொன்ன காரியம் பத்திக் கேக்கலைங்க. அது அதோட இஷ்டம்.

வாசகம் நேத்து பட்டறைக்குக் குடுத்தாச்சு. மொத்தம் 17 பேரு. எழுத்து எச்சானதால கல்லைக் கொஞ்சம் பெருசாக்கச் சொல்லிட்டோம், மேற்கொண்டு காசை கமிட்டிலயே பிரிச்சுக்கறோம்.


பவானி_கூடுதுறை எழுதியது:

நல்லதுங்க தம்பி. ஆத்தா இஷ்டம்தான். என்னைக்காச்சும் கேட்டாங்கன்னா கூட்டிட்டு வாங்க, நான் இருக்கேன்.


தாராபுரம்_ராஜவாய்க்கா எழுதியது:

இழையை இன்னைக்குத்தான் பார்த்தேன். எங்க அம்மாவோட தாய்மாமன் ஒருத்தரு சிங்கப்பூர்ல 1942ல ஜப்பான்காரன் கைல மாட்டுன இந்தியப் பட்டாளத்துல இருந்தவருன்னு மட்டும் தெரியும். அதுக்கு அப்புறம் நேதாஜியோட ஐஎன்ஏ படைல சேர்ந்தாரா, ஜப்பான்காரன் வேற தீவுக்குக் கொண்டு போயிட்டானா, ஒண்ணும் தெரியாது. நம்பர் இல்ல, யூனிட்டு தெரியாது. பேரும் அவங்கப்பா பேரும் தாராபுரம் தாலுக்காங்கறதும் மட்டும்தான் கைல இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கறது?


நொய்யல்கரை எழுதியது:

சிங்கப்பூர்னா கிராஞ்சில இருக்கற சிங்கப்பூர் மெமோரியல்ல கல்லறை இல்லாதவங்க 24 ஆயிரத்துக்கு மேல பேரு இருக்குதுங்க, மொதல்ல அதுல தேடுங்க. இந்தியன் ஆர்மின்னு வடிகட்டிட்டு ஊர்ப் பேர்ல கோயமுத்தூர்னும் போடுங்க, தாராபுரம்னும் தனியாப் போடுங்க. அப்பா பேரை வெச்சும் ஒருக்கா தேடுங்க, அதுலதான் எங்களுக்குக் கெடைச்சுது.


கோபி_ஹவில்தார் எழுதியது:

ஊட்ல பழைய மணியார்டர் ரசீது, மெடல், போட்டோ ஏதாச்சும் இருக்குதான்னு பாருங்க. மெடல் விளிம்புல பேரு நம்பர் வெட்டியிருக்கான்னு வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. போட்டோல தொப்பி, தோள்பட்டை தெரிஞ்சா அந்த எடத்தை மட்டும் பெருசாக்கி இங்க போடுங்க, யூனிட்டு என்னன்னு பார்த்துச் சொல்றேன். ஐஎன்ஏ பக்கம் அப்புறம் போலாம், மொதல்ல எந்த யூனிட்டுல கப்பல் ஏறுனாருன்னு தெரியட்டும்.